வல்லின ற

தாரமங்கலம் பஸ்ஸில் நின்றபடியே வந்து
பழைய பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தேன்.
சேலம் தலைமைத் தபால் கந்தோர்.
கந்தோர் என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்காது,
முப்பத்தைந்து வருஷமாக
வாய்க்குள் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

"உள்நாடா வெளிநாடா?"
நாலாம் கவுண்டரில் சௌடேஸ்வரி
உறையைத் திருப்பிப் பார்க்கிறாள்.
விலாசம் தமிழில் இருக்கிறது.
பேசாலை, மன்னார்.
"மன்னார்குடியா?"
"இல்லை. மன்னார்."
"அப்ப எந்த ஜில்லா?"
அதுதான் ஜில்லா என்று வாயெடுத்து
"இலங்கை" என்றேன்.
"முதல்லயே வெளிநாடுன்னு சொல்ல வேண்டியதுதானே."
தராசில் வைத்தாள். இருபத்திரண்டு கிராம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில்
ஒரே இரவில் நாங்கள் கடந்த தண்ணீரை
சென்னை, கொழும்பு என்று சுற்றிக்கொண்டு
கடிதம் இருபத்துமூன்று நாளில் கடக்கிறது.
அந்த இரவுக்கு அம்மாவின் தாலிக்கொடி.
இதற்கு ஒரு நாள் தார் சுற்றிய கூலி,
சில்லறை மீதி.

போன மாதம் வந்தது கொறற்றி அக்காவின் பதிவுத் தபால்.
உள்ளே என் பிறப்புச் சான்று, கச்சேரி முத்திரையோடு.
"போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லேம்மா,
ரெண்டு செகண்டு வேலை" என்றாள் நிரோஜினி.
ஓமலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
மலை என்றால் அவளுக்குச் சேர்வராயன்.
கடலைக் கல்லூரிச் சுற்றுலாவில்தான் பார்த்தாள்,
பாண்டிச்சேரியில் நின்று போன் பண்ணி
"நேரா அந்தப் பக்கமா?" என்று கேட்டாள்.
கொஞ்சம் தெற்கே, என்றேன்.
படம் செல்லாது. அசல் வேண்டும்,
குடியுரிமை விண்ணப்பத்தில் குண்டூசி குத்தி இணைக்க.

தபால்காரர் பச்சமுத்து
முகாம் வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு
உறையையும் என் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இதுல றெஜினான்னு வல்லினம் போட்டிருக்கு.
கார்டுல இடையினம்."
பிறகு இரண்டையும் சத்தமாக வாசித்தார்.
றெஜினா. ரெஜினா.
காதுக்கு ஒன்றாகத்தான் இருந்தது போல.
"கையெழுத்துப் போடும்மா."

கலெக்டர் ஆபீஸில் யாரும் வாசித்துக் கேட்கவில்லை.
பார்க்க மட்டும்தான் பார்த்தார்கள்.

மண்டபத்தில் இறங்கிய காலையில்
மேசை போட்டுப் பெயர் எழுதியவர்
ஈரப் பாவாடையோடு நின்ற பதின்மூன்று வயசுக்காரியிடம்
"ற மொழிக்கு முதல்ல வராது பாப்பா"
என்று திருத்தி எழுதினார்.
அவருக்கு இலக்கணம் தெரிந்திருந்தது.
எனக்குப் பசித்தது. தலையாட்டினேன்.

அதனால்தான் இந்த இருபத்திரண்டு கிராம்.
சமாதான நீதவான் முன்னால் போய்
இரண்டு பேரும் ஒருத்திதான் என்று
சத்தியக் கடதாசி முடித்து அனுப்பு அக்கா.
என்னைப் படகில் ஏற்றிவிட்டுக்
கரையில் நின்றவள் நீதானே,
உனக்குத் தெரியாதா
ஏறினது யாரென்று.

"அனுப்புநர் பேரைக் காணோமே."
உறை திரும்பி வருகிறது, கண்ணாடிக்குக் கீழால்.
சணல் கயிற்றில் கட்டிய பேனா.
எந்த எழுத்தைப் போடுகிறேனோ
அதுதான் ரசீதிலும் ஏறும்;
ரசீதை நாளைக்கு ஆபீஸில் காட்ட வேண்டும்.
ஆபீஸுக்கு ஏற்ற எழுத்தைப் போட்டால்
பேசாலையில் கொறற்றி சிரிப்பாள்,
அல்லது சிரிக்கமாட்டாள்.

எனக்குப் பின்னால் ஒரு பையன்,
ஏற்காட்டுக் காப்பித்தூள் பொட்டலம் கனடாவுக்கு,
கால் மாற்றி நிற்கிறான். மணக்கிறது.
"சீக்கிரம்க்கா. நாலு மணிக்குப் பை கட்டிருவாங்க."

றெ, ரெ
இரண்டுக்கும் முன்னால் நிற்கிறது ஒற்றைக்கொம்பு.
அதை முதலில் எழுதினேன்.
அதுவரைக்கும் சந்தேகமில்லை.