ஒரு விரற்கடை

நான் ஒன்றும் சொல்லவில்லை.
திருக்கடலூரில் யாரைக் கேட்டாலும்
அதைத்தான் சொல்வார்கள்:
தவலோஜினி வாயே திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லோன் நாள்.
ஐந்து பேர் ஒரு குறூப்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்டவேண்டும்.
கையெழுத்து வைத்த அன்று
அதற்கு ஒற்றுமை என்று பெயர் சொன்னார்கள்,
பிஸ்கட்டும் நெக்டோவும் தந்தார்கள்.

கொம்பனிப் பொடியன் பத்து மணிக்கு வந்தான்.
டிலக்சன். ஹெல்மெட்டை மடியில் வைத்து
யோகறஞ்சினி வீட்டு முற்றத்தில் இருந்தான்.
கதிரை என்னுடையது.
கேட்டான், கொடுத்தேன்.
முரட்டுப் பிள்ளை இல்லை.
வெறுங்கையோடு திரும்பினால்
சம்பளத்தில் வெட்டுவார்களாம்.
தாய்க்குக் கந்தளாயில் கிட்னி கிளினிக்காம்.
பன்னிரண்டுக்குத் தண்ணீர் கேட்டான்.
இரண்டு மணிபோல ஒரு மான் வந்து
அவன் எறிந்த சோற்றுப் பார்சலின்
லஞ்ச் ஷீட்டை மென்றது.
விரட்டினான், போகவில்லை.
அதுவும் தவணைக்கு வந்த மாதிரி நின்றது.

முன்கதவில் பூட்டு.
பின்வளவில் தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில்
ஓர் ஆள் குந்தலாம்.
காலை தொடக்கம் அவள் அங்கேதான்.
என் குசினி யன்னலால்
செருப்பில்லாத ஒரு கால் தெரிந்தது.

இருட்டினால் கதை வேறு மாதிரிப் போகும்.
புருஷன் கடலுக்குப் போன வீட்டில்
விளக்கு வைத்த பிறகும் ஓர் இளந்தாரி இருந்தால்
ஒழுங்கை என்ன கதைக்கும் என்று
அவனுக்குத் தெரியும்.
கொம்பனிக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

நாலு கிழமை நிலுவை. பங்கு பிரித்தால்
ஆளுக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
என் பால்மா டின்னில் இருந்ததும் அவ்வளவுதான்,
மகளின் கணித வகுப்புக் காசு.
"அக்கா, எங்க அவ?" என்றான்.

நாடியைத் தூக்கினேன்.
ஒரு விரற்கடை.
தண்ணீர்த் தாங்கிப் பக்கம்.

எனக்கு ஒன்பது வயதில்
பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரையும் வரிசையில் விட்டார்கள்.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒரு தலை,
சாக்கில் இரண்டு ஓட்டை.
அது ஆடினால் ஆள் போகும்.
எங்கள் சின்ன மாமா போனார்.
தலையாட்டி என்று ஊர் காறித் துப்பியது,
முகம் தெரியாததால் நிலத்தில் துப்பியது.
அவனுக்கும் வகுப்புக்குப் போகிற ஒரு மகள்
இருந்திருக்கலாம் என்று
இந்தச் செவ்வாய் இரவுதான் நினைத்தேன்.
எனக்குச் சாக்கும் தேவைப்படவில்லை.

அடித்தானா? இல்லை. ஏசினானா? அதுவும் இல்லை.
அவள் எழும்பினாள். கால் விறைத்து
மதிலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.
தோட்டைக் கழற்றினாள், ஒரு காது, பிறகு மற்றது.
அடகுக் கடை ஆறரை மட்டும் திறந்திருக்கும் என்றான்.
நாங்கள் நாலு பேரும் கூடவே நடந்தோம்,
துணைக்குப் போவதுபோல.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது தப்பியது என்று
வழியில் கணக்குப் பார்த்தது மனம்.
மனம் என்ன மனம், நான்தான்.

வியாழன் காலை
யோகறஞ்சினியின் சின்ன மகன்
சில்வர்க் கோப்பையில் நாலு கும்பிளா கொண்டுவந்தான்,
வழமைபோல.
"அம்மா தரச்சொன்னா."
வேறொன்றும் சொல்லவில்லையா?
"இல்லை."

காய்ச்சினேன். மகள் முள் எடுத்துத் தின்றாள்.
கோப்பை கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது.
வெறுங்கோப்பை திருப்பிக் கொடுக்கக்கூடாது எங்கள் பக்கம்.
ஒரு பிடி சீனி, இல்லையென்றால்
ஒரு கல் உப்பாவது.
நாலு நாளாக நிமிர்த்துவதும் கவிழ்ப்பதுமாக இருக்கிறேன்.

நாளை செவ்வாய்.
இந்தக் கிழமை எனக்கு நானூறு குறைகிறது.
அவளுடைய குசினி யன்னலும்
என் வளவைப் பார்த்தபடிதான் இருக்கிறது.