ஐஸ் அறைக் கதவில் இரண்டு எண்கள்

திருக்கடலூரில் இரவு இரண்டு மணிக்கு
ஐஸ் கட்டிகளுக்குப் பில் எழுதுகிறவள் நான்.
படகுக்காரர் வருவது மூன்றரைக்கு.
இடையிலுள்ள ஒன்றரை மணித்தியாலம்
ஒருவருக்கும் சொந்தமில்லை.

முன்பு கடதாசிப் புத்தகம் கொண்டுவருவேன்.
குளிரறை மூச்சுவிட்டால் தாள் நனையும்,
கடற்காற்று மிச்சத்தை உப்பாக்கும்,
இருநூறாம் பக்கத்தில் எப்படியோ ஒரு மீன் செதில்.
வீட்டில், சுனாமிக்குப் பிறகு வெயிலில் விரித்தவை
காய்ந்தன, ஆனால் மூட மறுத்தன.
வாய் திறந்தபடியே அலுமாரியில் நிற்கின்றன.

தோகாவிலிருந்து வந்த மச்சாள் விமலராணி
பாதாமும் சென்ட்டும் தந்த பையில்
இந்த ரீடரையும் போட்டிருந்தாள்.
"நீ வாசிக்கிற ஆள்தானே" என்றாள்,
எனக்கிருக்கும் வருத்தம் ஒன்றை விசாரிப்பதுபோல.

கட்டி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
உள்ளே நூற்றுப் பதினாறு நூல்கள்.

அட்டைப்படம் இல்லாதது பெரிய உதவி:
தூரத்தில் நிற்கும் மனேஜருக்கு
நான் கணக்குப் பார்க்கிறேன்.
கரண்ட் போன இரவுகளில்
ஃபக்டரி முழுவதும் மெல்ல உருகத் தொடங்கும்;
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
என் கையில் மட்டும்
ஒரு கொலை வெளிச்சத்தில் நடக்கும்.

ஐஸ் உடைக்கிற நிஃமத்துக்கு ஐம்பத்தொன்று.
கண்ணாடி போட்டால் ஐஸ் தூள் படியும் என்பான்.
(கண்ணாடி வாங்கியதே இல்லை.)
ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து
"எறும்பு" என்றான்.

விரலால் எழுத்தை விரித்தேன்.
எறும்பு வண்டாகி, வண்டு நண்டாகி,
வரிக்கு இரண்டு சொல் மிஞ்சியபோது
"நிப்பாட்டுங்க மிஸ்" என்றான்.
"இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார்."
சத்தமாகவே வாசித்தான்.
திறந்தது யாரென்று அறிய
பக்கம் புரட்ட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து சண்டை.
இந்தச் சாமானுக்கு ஞாபகம் ஒன்றே ஒன்று;
கடைசியாகத் தொட்ட கை விட்ட இடத்தில்தான் திறக்கும்.
நான் நீதிமன்றத்தில் விட்டுவிட்டு எழும்பிப் போவேன்,
வந்து பார்த்தால்
பிரேதம் இன்னும் கிணற்றிலேயே கிடக்கும்.
அவனோ, "மிஸ், அந்தப் பொம்புள எப்ப ஜெயிலுக்குப் போனா?"
மடிக்க மூலை இல்லை. பில் துண்டு செருக வழியில்லை.
ஒரு நிமிடம் கடதாசியை நினைத்தேன்.
கூடவே அந்தச் செதிலையும்.

எழுத்து எவ்வளவு வீங்கினாலும்
வாசித்த வீதம் மாறாதென்று
கண்டுபிடித்தவன் அவன்தான்.
ஐஸ் அறைக் கதவில் சோக்கால் எழுதினான்:
இடப்பக்கம் என்னுடைய 31.
வலப்பக்கம் அவனுடைய 12.

காலையில் மனேஜர் பத்மசீலன்
கதவடியில் கனநேரம் நின்றார்.
"ஆருக்கு இத்தனை கட்டி கடன்?"
"கட்டிடுவம் சேர்" என்றான் நிஃமத்.

பல்லுப் பிடுங்கி நான் நாலு நாள் லீவு.
ரீடரை மேசை லாச்சியில் விட்டுப் போயிருந்தேன்.
வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தால்
வலப்பக்கம் 88.
இடப்பக்கம் என் 31 ஈரத்தில் கரைந்து போக
அதன்மேல் மறுபடி எழுதியிருந்தான்,
முன்னையதைவிடப் பெரிதாக.

மூன்றரை. படகுக்காரர் சைக்கிளில் வந்து மணியடித்தார்கள்.
கட்டியைத் தோளில் ஏற்றியபடி திரும்பினான்:
"ஆரெண்டு எனக்குப் பிடிபட்டுப் போச்சு மிஸ்."
இரண்டு கையாலும் வேண்டாமென்று ஆட்டினேன்,
வாயில் பஞ்சு.
"சொல்லமாட்டன். இன்னும் பன்னிரண்டு கிடக்குத்தானே,
உடைச்சுப் பார்க்கணும்."

அவன் போனபின் திறந்தேன்.
அவனுடைய அளவிலேயே இருந்தது எழுத்து.
மேல் வரியில், தனியாக, நண்டுபோல்,
ஒரு சொல்:
ஆனால்