ஐந்து நிமிடம் இலவசம்

ஒன்று காசு கேட்டது.
ஒன்றுக்குள் வைரஸ்.
மூன்றாவது மென்பொருள்
ஐந்து நிமிடம் மட்டும் இலவசமாய் மாற்றித் தரும்,
அதுவும் தன் பெயரைக் குறுக்கே எழுதி.

பாலையூற்றிலிருந்து றொசில்டா அக்கா
கொண்டுவந்த கலியாண டிவிடி,
நாற்பத்தோராம் நிமிடத்தில் கீறல்.
மின்சார நிலைய வீதியில், கடை வாசலில்,
அதன் மட்டையை ஒரு மான் மென்றுகொண்டிருந்தது.

“முழுசா வேணுமெண்டால் மூவாயிரம் அக்கா.
இல்லாட்டி ஐஞ்சு நிமிசம் சொல்லுங்கோ.
மோதிரம் மாத்துறதோ? கேக் வெட்டுறதோ?”

“பந்தியிலை கரண்ட் போகும்.
அங்கையிருந்து.”

கீறலுக்குச் சற்று முன்னே
போனது.
கமராக்காரன் நிறுத்த மறந்த கறுப்பு.
தட்டுகளின் சத்தம். அழும் ஒரு பிள்ளை.
பிறகு சிரிப்போடு ஒரு ஆண்குரல்:
“றொசி, என்ரை கையிலை கறியை ஊத்திப்போட்டாய்.”

அக்கா மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.
இருட்டின் நடுவே
மென்பொருளின் பெயர் வெள்ளையாய் நின்றது.
அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாற்றி முடிந்தது. வெறும் நாலு எம்பி.
கறுப்புக்கு அதிகம் இடம் வேண்டாம்.

“வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம் அக்கா.”

“ஆருக்கு?”

பென்டிரைவைத் தேடினேன்.