ஏழாவது கட்டம்

ஜூன் மாதத்தில் கொன்செப்சியோனுக்கு வானம் கிடையாது.
மழை. அது ஓய்ந்தால் தூறல்.
விறகடுப்புப் புகை தெருவில் இறங்கி
பேருந்துக்கு நிற்பவர்களோடு நிற்கும்.
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் வடக்கே,
ஒரு சொட்டு ஈரம் அறியாத மலையில் எடுத்த படங்கள்
கம்பி வழியே வந்து சேரும்
ரயென் கிலோத்ரானின் மேசைக்கு.

தெற்கு வானில் அந்த மூலைக்கு
உலை என்று பெயர்.
பெயரிட்டவர் நினைத்தது வேதியியல் உலை.
அவள் மொழியில் அது ரொட்டி சுடும் அடுப்பு.
நாம் சொன்னாலோ
அரிசி கொதிக்கத் தொடங்கிவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்தப் பானையில் அது செல்லாது.
ஒவ்வொரு பருக்கையையும் நசுக்கிப் பார்க்க வேண்டும்:
நம் வாசலிலேயே நிற்கும் தனி நட்சத்திரமா,
பின்னால், வெகு பின்னால், தேய்ந்து தெரியும் மண்டலமா,
அல்லது
பல லட்சம் சூரியன்கள் நெருக்கியடித்து
ஒரு புள்ளியாகிப்போன கோளக்கொத்தா?

நான்கு வடிகட்டி, நான்கு எண்.
கணினி சொல்கிறது: எழுபத்தொரு சதவீதம் கொத்து.
மீதி இருபத்தொன்பதைக்
கண்தான் தீர்க்க வேண்டும்.
கண் பிற்பகல் மூன்றுக்கே எரிய ஆரம்பிக்கும்.

பட்டியலில் ஏழாவது கட்டம்:
எந்த மண்டலத்தைச் சேர்ந்தது?
நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய மண்டலத்தைப்
பந்திக்கு முந்தியவர்கள் போல் நெருக்கும்
ஆயிரக்கணக்கானவை. சுலபம்.
சின்ன மண்டலங்களுக்கு ஏழெட்டு,
சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று,
முந்தானையில் முடிந்த காசு மாதிரி.
அதுவும் சுலபம்.
பிறகு வருகிறது வெறும் வெளி.
அங்கே, யார் வாசலுக்கும் எட்டாத தூரத்தில்
ஒரு புள்ளி. தள்ளி இன்னொன்று.

"பக்கத்தில் இருப்பதன் பெயரைப் போட்டுவிடு"
என்றார் அடுத்த மேசை எலியேசர்.
"காலிக் கட்டம் வாசிப்பவர்களுக்குப் பிடிக்காது."

பெரியது சின்னதை உரசிப் போனபோது உதிர்ந்தவை.
தாய் மண்டலம் கரைந்தே போயிருக்கலாம்,
கொத்து மட்டும் கட்டுக்குலையாமல்.
அவருக்கும் தெரியும்.
கட்டத்துக்குத்தான் தெரியாது.

நம் ஊர் நில அளவைக்காரர் என்றால்
புறம்போக்கு என்றெழுதி வேலையை முடித்திருப்பார்.
அந்தச் சொல்லும்
யாரையாவது கிளப்பத்தான் உதவும்.

திச்சாத்தோவில் கடல் ஏறி வந்த வருஷம்
அவளுக்குப் பதினான்கு.
மேட்டில் வரிசையாகப் பலகை அறைகள்,
ஈரம் போகாத மெத்தை.
அட்டையில் தாள் செருகி ஒரு பையன் வந்தான்.
"வீட்டு எண்?"
அம்மா கீழே கைகாட்டினாள்,
சேற்றில் தனியாக நின்ற கதவு நிலையை.
பையன் பேனாவைக் கடித்தான்.
பிறகு ஏதோ ஓர் ஊரின் பெயரை எழுதினான்.
அடுத்த மூன்று மாதம்
அவர்கள் பங்கு மாவு மூட்டை
அந்த ஊருக்கே போய்க்கொண்டிருந்தது.

எலியேசரிடம் இதை அவள் சொல்லவில்லை.
ஏழாவது கட்டத்தின் தலைப்பை அழித்து
"அருகில் தெரிவது" என்று மாற்றினாள்.
எட்டாவதாக ஒன்று திறந்தாள்.
அதற்கு என்ன பெயர் வைப்பது என்று
இன்னும் முடிவாகவில்லை.
ஆனால் நிரம்பத் தொடங்கிவிட்டது.

நான்காயிரத்து நூற்றுப் பதினெட்டு.
அடுத்த புள்ளி: நிறம் சரி, விளிம்பு கொஞ்சம் மங்கல்.
ஒளி கிளம்பி ஆறு கோடி வருஷத்துக்கு மேல்
ஆகியிருக்கலாம்.
மேசை ஆடியது. நிலநடுக்கம், சின்னதுதான்.
யாரும் எழவில்லை.
எலியேசர் கோப்பையை மட்டும் பிடித்துக்கொண்டார்.
திரை அடங்கும்வரை காத்திருந்து
பெரிதாக்கிப் பார்த்தாள்.

கொத்து இல்லை.
நம் வாசல் நட்சத்திரம்.
நீக்கிவிட்டு
அடுத்ததற்குப் போனாள்.