ஏழாவது தடை

நாலு நாற்பது என்றால்
நாலு நாற்பதுதான் சகாயரூபிக்கு.
எனக்கு அது ஐந்து மணிக்குப் பக்கத்தில்
எங்கேயோ கிடந்தது.
முதல் வாரமே ஒரு நாள்
வில்லாபுரம் முக்கில் ஆளைக் காணோம்.
ஹாரன் அடித்தேன், நாய்தான் எழுந்தது.
தெற்குவாசல் பாலத்து ஏற்றத்தில்
முதுகில் பை குலுங்க
ஓடிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் உருட்டிக்கொண்டே
'ஏறும்மா' என்றேன்.
ஏறினாள். திட்டவில்லை.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மாசத்துக்கு இரண்டாயிரத்து நானூறு.
அவங்கப்பா கப்பலூர் மில்லில் நைட் ஷிப்ட்,
கொண்டுவிட வேறு ஆளில்லை.
நான் ஏற்றிப் போகும் பாரம்
நாற்பத்தொன்பது கிலோ, ஒரு பை,
அவித்த முட்டை இரண்டு.

கோரிப்பாளையம் சிக்னல்
மஞ்சளை மட்டும் மினுக்கும் அந்நேரத்தில்
ஊரில் இரண்டு கூட்டம் முழித்திருக்கும்:
இன்னும் படுக்காதவர்கள்,
படுத்து எழுந்தவர்கள்.
முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது.
நான் எந்தக் கூட்டம் என்று
யாரும் கேட்டதில்லை.
ரேஸ்கோர்ஸ் வாசலில் அவளை இறக்கிவிட்டு
பின்சீட்டில் காலை மடக்கி
ஏழு மணிவரை குறட்டை.

கோச்சுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன ஆவணியில்
ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தது.
'கால் தரையில பட்டதும் அமுக்குங்கண்ணே,
ஆள் மேல பறக்கும்போது இல்ல.'
முதல் தடைக்கு நாற்பத்தைந்து மீட்டர்.
அப்புறம் முப்பத்தைந்து முப்பத்தைந்தாய்
மொத்தம் பத்துத் தடை.
இடையில் பதினைந்து எட்டு;
பதினாறு வைத்தால் கால் மாறிப்போகும்.
மீட்டருக்கு மேலே கேட்டே பிழைத்தவனுக்கு
மீட்டர் என்றால் என்னவென்று
நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

சென்னையில் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது
ஏழாவது தடை தாண்டி இறங்கியவள்
நின்றுவிட்டாள்.
'விடாத தாயி! இன்னும் மூணுதான்!'
இதுவரை பார்த்த சினிமா அத்தனையும்
என் தொண்டையில் இருந்தது.
அவள் நடந்தே வந்தாள்,
ஷூவைக் கழற்றினாள்.
இடது தொடையின் பின்பக்கத்தை
சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பதுபோல்
அமுக்கிப் பார்த்தாள்.
'பிடிக்குதுண்ணே. இன்னைக்கு அம்புட்டுத்தான்.'
நோட்டை எடுத்து எழுதினாள்:
ஏழு. நிறுத்தினேன்.

'மூணுதானம்மா. தாண்டியிருக்கலாம்ல?'
'தாண்டலாம். சனிக்கிழமை யாரு தாண்டுறது?'

முட்டையை உரித்தபடி கேட்டாள்,
'நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?'
ஒன்றரை இருக்கும் என்றேன்.
'அப்ப நீங்க காலையில எந்திரிக்கலண்ணே.
ராத்திரியை இன்னும் முடிக்கல.'

அதற்கு முந்தின வியாழன்
யானைக்கல்லில் கண் அசந்து
வண்டி தடுப்புச்சுவரை உரசியபோது
பின்சீட்டில் இருந்தது அவள்தான்.
அதைப் பற்றி அன்றும் பேசவில்லை,
இன்றும் பேசவில்லை.
நான்தான் அந்தக் கீறலை
துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்,
துடைத்தால் போகும் என்பதுபோல.

அன்று ராத்திரி ஒன்பதே முக்கால்.
பெரியார் நிலையத்தில் ஒருவர்,
கையில் சூட்கேஸ், வேட்டியில் சந்தன வாடை.
'திருமங்கலம். எழுநூறு தர்றேன்.'
கை தானாகவே ஸ்டார்ட்டருக்குப் போனது.
போன கையைத் திருப்பி எடுப்பது
ஒரு தடையைத் தாண்டாமல் நிற்பதுதான் போல.
'சவாரி இல்ல சார்.'
'எழுநூறு கசக்குதோ? கொழுப்புடா உனக்கு.'
கொழுப்புத்தான்.
வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.
எனக்குத் தொடையில் ஒன்றும் பிடிக்கவில்லை,
சட்டைப்பையில்தான் பிடித்தது,
கீழவாசல் தாண்டும்வரை.

சனிக்கிழமை என்ன ஆச்சு என்பீர்கள்.
மூன்றாவதாக வந்தாள்.
இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள்.
வந்த ரயிலுக்கு நான் போகவில்லை, அவள் கூப்பிடவுமில்லை.
ஞாயிறு அவள் நோட்டில் ஓய்வு.

திங்கள்.
வில்லாபுரம் முக்கில் தெருவிளக்குக்குக் கீழே
வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
பையோடு வந்தவள்
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
'நாலு முப்பத்தெட்டுதான் ஆகுது.
இன்னும் ரெண்டு நிமிஷம்
தூங்கியிருக்கலாம்லண்ணே.'