போஸ் மைதானத்தில் ஒரு கிணறு

தண்ணீருக்கு வெட்டியதில்லை.
பலகை பலகையாய் லாரியில் வந்து
மூன்று நாளில் எழும்பிய கிணறு.
ஏறிப்போய்த்தான் எட்டிப்பார்க்க வேண்டும்,
ஆளுக்கு அறுபது ரூபாய்.
ஆடி போனஸில் முதல் செலவு இதுதான் என்று
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலேயே
முடிவாகிவிட்டது.

இரும்புப் படி அதிர அதிர
நானும் பாவாயியும் மேலே போனோம்.
விளிம்பைச் சுற்றிலும் தலைகள்.
டெல்லி அப்பளம் கடிக்கிற தலை,
தோளில் பிள்ளையை ஏற்றிய தலை,
போனை நீட்டியபடி
திரையில் மட்டும் பார்க்கிற தலை.
கீழே,
குண்டான் அடியில் ஒட்டிய ஈ மாதிரி
ஒரு பைக்.

"புயல் ராணி ஃபர்ஸானா!
உயிரை, உயிரைத் துச்சமென மதித்து..."
மைக்காரனுக்கு அந்த ஒரு சொல்லில்
நாக்கு நின்று நின்று போனது.
அவள் பாக்கைத் துப்பிவிட்டு வண்டியை உதைத்தாள்.
ஹெல்மெட் இல்லை.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கியிருந்தாள்,
நெருப்புக்கு முன்னால் உட்காரும்போது
நாங்கள் முந்தானையை இறுக்குவதுபோல.

சரிவில் ரெண்டு சுற்று.
அப்புறம் சுவரே அவளுக்குத் தரை.
நட்டும் போல்ட்டும் கிலுகிலுக்க
அவள் எங்களைக் கடக்கும்போதெல்லாம்
விளிம்பு ஒரு விரற்கடை விலகி
பிறகு யோசித்துத் திரும்பி வந்தது.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில்
ரோமாபுரி இப்படித்தான் வட்டமாக இருந்தது.
நடுவில் வலைக்காரன், வாள்காரன்,
வாலைத் தூக்கிய சிங்கம்.
ஒவ்வொரு தசையும் வரைந்திருந்தார்கள்.
சுற்றி இருந்த கூட்டத்துக்கு
வெறும் புள்ளி.

என் அண்ணன் மாதையன்
கூலமேட்டில் மாடு பிடிக்கிறவன்.
தொடையில் பதினோரு தையல்,
வீட்டில் மூன்று அண்டா, நாலு கடிகாரம்,
நாலும் நாலு நேரம் காட்டும்.
ஆத்தூர்ப் பக்கம் சோளக்காட்டு ஓரத்தில்
மாடும் ஆளும் செதுக்கிய கல் ஒன்று உண்டு.
ஆள் தேய்ந்துவிட்டான், கொம்பு தேயவில்லை.
அதில் சாய்ந்துதான் அண்ணன் கட்டுச்சோறு சாப்பிடுவான்.
"இவனுக்கு என்ன பரிசு கொடுத்திருப்பாங்க?"
என்று ஒரு தடவை கேட்டேன்.
"இதான்" என்று கல்லைத் தட்டிவிட்டு
ஊறுகாயை நக்கினான்.

இப்போது அவள் கையை விட்டுவிட்டாள்.
ஒருக்களித்து உட்கார்ந்து, காலை டாங்கில் போட்டு,
நீட்டிய நோட்டுகளை
முருங்கைக்கீரை உருவுவதுபோல் உருவிக்கொண்டே வந்தாள்.
நானும் இருபது ரூபாயை நீட்டினேன்.
அப்போதுதான் பார்த்தேன், அந்தக் காலை.

கொலுசு.
இரட்டைக் கண்ணி, ஓரத்தில் மூணு முத்து.
பெட்டி பெட்டியாய் வடக்கே போகிற எங்கள் சரக்கு.
பாவாயி பற்றவைத்ததாகக்கூட இருக்கலாம்.
கொக்கி வாய் திறந்து கிடந்தது.
அடுத்த உதறலில் நழுவும்.
நழுவினால் செயின்.

"கொக்கி!" என்று கத்தினேன்.
பக்கத்தில் இருந்தவனும் கத்தினான்.
எதிர்ப்பக்கமும் கத்தியது.
"கொக்கி, கொக்கி!"
என் தோளைத் தட்டி ஒரு பையன்
இன்னும் சத்தமாக விசிலடித்தான்.
அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
நோட்டை உருவினாள், போனாள்.
அவள் விரல் ஜில்லென்று இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.
கீழே இறங்கி, குனிந்து,
கொக்கியைப் பல்லில்லாத குறடால் நெருக்கினாள்.
பழகிய கை. தினமும் செய்வாள் போல.
"பதினைந்து நிமிடத்தில் அடுத்த காட்சி,
உயிரை..."

படி இறங்கும்போது பாவாயி சொன்னாள்,
"அறுபது ரூபாய்க்குத் தகும்டி."
கொலுசு கண்ணில் படும்வரை
எதைத் தவறவிடக் கூடாதென்று
நான் இமைக்காமல் நின்றேன்,
அவளும் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறையில்
ஒவ்வொரு கொக்கியையும் ரெண்டு தடவை அழுத்தினேன்.
சாயங்காலம் எண்ணினால் ஒன்பது ஜோடி குறைவு.
கூலி ஜோடிக்குத்தான்.