உரிமையாளர் பெயர்

ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து
பதினோரு வருடமாக லாரி நிறுக்கிறேன்.
செம்பனைக் குலையோடு ஓர் எடை,
குலையை இறக்கிவிட்டு ஓர் எடை.
கழித்தால் வருவதை எழுதிக் கையெழுத்திடுவேன்.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

தோட்டத்துக்குள் ஓட எந்தக் காகிதமும் வேண்டாம்.
செம்மண் சாலையில் ரோட்டெக்ஸ் கேட்பாரில்லை.
நம்பர் பிளேட் கழன்ற மோட்டார்கள்
உரமூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் சுமந்து
நாளெல்லாம் திரிகின்றன.
பெரிய கேட்டுக்கு வெளியே
தார் தொடங்கும் அந்த ஒரு முழத்தில்
அரசாங்கம் தொடங்குகிறது.

என் ஹோண்டாவுக்கு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.
அரை நாள் லீவு போட்டு
பீடோர் போஸ்டாபீசில் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன்.
எனக்கு முன்னால் போன ஹார்ட்வேர் கடைக்காரர்
நான்கு லாரிக்கும் முடித்துக்கொண்டு
பான் மென்றபடி போய்விட்டார்.
என் முறை வந்ததும்
கவுண்டரில் நோர்லைலா உதட்டைப் பிதுக்கினாள்.
"தா போலே, காக். பிளாக்லிஸ்ட்."
மோட்டார்மேல் ஒன்றுமில்லையாம்.
காருக்கு மூன்று சம்மன்.

கார்.
என் பெயரில் இருக்கும் கார்.
நான் ஏறி இரண்டரை வருடமான கார்.

தயாபரனிடம் சம்பளச் சீட்டு இல்லை,
என்னிடம் இருந்தது.
"சும்மா பேருக்குத்தான் அக்கா" என்றான்.
பேருக்குத்தான் பேங்கில் பதினேழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
தவணையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை,
அதைச் சொல்லியாக வேண்டும்.
தீபாவளிக்கு மறுநாள்
ஒரு சொல்லில் பிடித்த சண்டை
(சொல்லை விட்டவள் நான்)
மைவியின் இரண்டு பின்விளக்குகளாகிக்
கேட்டைத் தாண்டிப் போனது.
அடுத்த வாரம் போன் நம்பரும் செத்துப் போனது.

போன வருடம் காருக்கும் நானே கட்டினேன்.
ரசீதை யாருக்கு அனுப்புவது?
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து சம்மன்களைப் போனில் திறந்தேன்.
கெமாஸ். சிகாமட். கோத்தா திங்கி.
தெற்கே தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறான்.
கேமராவுக்கு அவன் முகம் தேவையில்லை.
காரின் முதுகும் என் நம்பரும் போதும்.
முதல் படத்தில் மழை.
இரண்டாவதில் பம்பர் ஒரு பக்கம் தொங்குகிறது.
மூன்றாவது போன மாதம்,
காலை மணி ஏழு நாற்பது.
பின்கண்ணாடியின் மூலையில்
மஞ்சளாக ஏதோ.

இரண்டு விரலால் விரித்தேன்.
விரிக்க விரிக்க எழுத்தெல்லாம் புள்ளியாக உதிர்ந்தது.
சுருக்கியபோதுதான் படிக்க முடிந்தது,
காருக்குள் குழந்தை இருக்கிறது என்று
கடையில் விற்பார்களே, அந்த அட்டை.

தொண்ணூறில் போக வேண்டிய இடத்தில்
நூற்றுப் பதினெட்டு.
"அட முட்டாப்பயலே,
பிள்ளையை வைத்துக்கொண்டா!"
வாய்விட்டுத்தான் கத்தியிருக்கிறேன்.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
நோர்லைலா கையிலிருந்த முத்திரை
அந்தரத்தில் நின்றது.

மூன்று சம்மன், நானூற்று ஐம்பது வெள்ளி.
பல்லுக்கு என்று எடுத்து வைத்திருந்த காசு.
பல் காத்திருக்கும்.

மோட்டாருக்கு ஆயிற்று.
"காருக்கும் அடுத்த மாதம் முடிகிறதே, காக்,
சேர்த்தே போட்டுவிடவா?"
போடு என்றேன்.
இன்சூரன்சில் இன்னொரு ஓட்டுநர் பெயர் கேட்டாள்.
சொன்னேன்.
ஐ.சி. நம்பர் கேட்டாள்.
பன்னிரண்டு இலக்கமும்
தடுக்காமல் வந்தன.
இன்னொரு பெயரைச் சொல்ல
எனக்கு ஆசையாக இருந்தது.
அதற்குக் கட்டம் இல்லை,
அந்தப் பெயரும் எனக்குத் தெரியாது.

"கடிதமெல்லாம் இதே முகவரிக்கா?"

இதே முகவரிக்குத்தான்.
சம்மன் வந்தாலும்
இதே முகவரிக்கே வரட்டும்.

வெளியே ஹோண்டா
மூன்று உதைக்குப் பிறகுதான் உயிர் பெற்றது.
கேட்டுக்குள் நுழைந்த பிறகும்
முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன்.